நெருப்புப் பிடித்தால் மட்டும் ஒகாடாவா?

வீட்டில் தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள். அவர் ஓடி வந்து தண்ணீர் ஊற்றி அணைப்பார். அணைத்து முடித்ததும் "தரையெல்லாம் இப்படி ஈரமாக்கிட்டீங்களே" என்று அவரையே திட்டினால் எப்படி இருக்கும்? ஜப்பான் கால்பந்து உலகம் தகேஷி ஒகாடா என்கிற மனிதருக்குச் செய்தது அதைத்தான். அதுவும் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை!

ஒகாடாவைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே மூன்று குற்றச்சாட்டுகள் வரும். தற்காப்பு ஆட்டம் ஆடுகிற பயந்தாங்கொள்ளி. சொந்தமாக ஒரு ஆட்டக் கொள்கை கிடையாது. அதிர்ஷ்டக்காரர். ஜப்பானிய ரசிகர்களிடம் கேட்டால் நாலாவதாக ஒன்றும் வரும், அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரியது: "எங்கள் கசுவை வீட்டுக்கு அனுப்பினவர்". இந்த நாலையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தால் எதுவும் முழுசாக நிற்கவில்லை. சில பாதி நிற்கின்றன, அதையும் பார்ப்போம்.

முதலில் ஆள் யார் என்று சுருக்கமாக. 1956-இல் ஒசாகாவில் பிறந்தவர். வாசெதா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1980-இல் ஃபுருகாவா எலெக்ட்ரிக் கம்பெனி அணியில் சேர்ந்தார். அப்போது ஜப்பானில் தொழில்முறைக் கால்பந்து என்ற ஒன்றே இல்லை, ஜே லீக் தொடங்கியதே 1993-இல்தான். கம்பெனிகள் நடத்தும் அணி, அதில் ஆடுகிறவர்கள் கம்பெனி ஊழியர்கள், அவ்வளவுதான். ஒகாடா அங்கே டிஃபெண்டர். ஜப்பானுக்காக 24 ஆட்டங்கள், ஒரே ஒரு கோல். மூக்குக் கண்ணாடி போட்ட, பார்த்தால் கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கிற ஆசாமி. போஸ்டர் அடித்து ஒட்டுகிற முகம் இல்லை. 1990-இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி வேலைக்குப் போனார். பிறகு தேசிய அணியில் ஷூ காமோ என்ற தலைமைப் பயிற்சியாளருக்குத் துணை.

இப்போது 1997-க்கு வருவோம். ஜப்பான் அதுவரை ஒரு உலகக்கோப்பையிலும் ஆடியதில்லை. 1993-இல் தோஹாவில் கடைசி நிமிடத்தில் ஈராக் போட்ட ஒரு கோலால் 1994 வாய்ப்பு போனது. 2002 உலகக்கோப்பையைக் கொரியாவோடு சேர்ந்து நடத்தப்போகிற நாடு, ஒரு தடவைகூடத் தகுதி பெறாமல் போட்டியை நடத்தினால் ஊர் சிரிக்கும். அந்த நிலையில் தகுதிச்சுற்றின் கடைசிக் கட்டத்தில் ஜப்பான் தடுமாறுகிறது. கொரியாவிடம் சொந்த மண்ணில் 1-2 தோல்வி. அக்டோபர் 4-ஆம் தேதி அல்மாட்டியில் கஜகஸ்தானோடு 1-1 டிரா. அன்று ராத்திரியே காமோவுக்கு வேலை போனது. அடுத்த ஆட்டம் ஒரு வாரத்தில், தாஷ்கண்ட்டில். அணி ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கிறது. புதுசாக ஆள் தேட நேரமில்லை. துணைக்கு நின்றவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டார்கள்.

கொடுக்கப்பட்டவருக்கு வயசு 41. அதற்கு முன் ஒரு கிளப்புக்குக்கூடத் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. திவாலாகப் போகிற கம்பெனியில் கடைசி மாசம் ஒரு குமாஸ்தாவை மேனேஜிங் டைரக்டர் நாற்காலியில் உட்கார வைத்து, "ஐந்தொகையில் லாபம் காட்டு" என்று சொன்ன மாதிரி!

முதல் இரண்டு ஆட்டமும் 1-1 டிரா. டோக்கியோவில் ஐக்கிய அரபு எமிரேட்டுடன் டிரா ஆனதும் மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் ரகளை செய்தார்கள், ஆட்டக்காரர்கள் மீது கையில் கிடைத்ததை எறிந்தார்கள். ஒகாடா வீட்டுக்கு மிரட்டல் கடிதங்கள், மிரட்டல் போன்கள், வாசலில் போலீஸ் வண்டி. அந்தச் சமயத்தில் அவர் வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள் என்பதை இந்த மிரட்டல்காரர்கள் யாராவது யோசித்தார்களா? கால்பந்து ஆட்டம்தானே இது, போர் இல்லையே!

அடுத்து சியோலில் கொரியாவை 2-0. நியாயமாகச் சொன்னால் கொரியா அப்போதே தகுதி பெற்றுவிட்டது, அவர்களுக்கு அந்த ஆட்டத்தில் பெரிய அவசரம் இல்லை. இருக்கட்டும். சியோலுக்குப் போய் கொரியாவை ஜெயிப்பது ஜப்பானுக்கு எந்தக் காலத்திலும் சாதாரண விஷயம் இல்லை. பிறகு கஜகஸ்தானை 5-1. குழுவில் இரண்டாம் இடம். ஈரானுடன் ஒரே ஆட்டம், ஜெயிக்கிறவர் நேராக பிரான்சுக்கு.

1997 நவம்பர் 16, மலேசியாவின் ஜொகூர் பாரு. "பயந்தாங்கொள்ளி டிஃபெண்டர்" என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். ஜப்பான் முதலில் ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதி தொடங்கியதும் அசீசி சமன் செய்தார், அலி தாயி தலையால் முட்டி ஈரானை 2-1 என்று முன்னே கொண்டுபோனார். 63-ஆவது நிமிடத்தில் ஒகாடா என்ன செய்தார் தெரியுமா? இரண்டு முன்கள ஆட்டக்காரர்களையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்தார். ஒருவர் முதல் கோல் போட்ட நகாயாமா. இன்னொருவர் கசு, அதாவது கசுயோஷி மியுரா, நாட்டின் செல்லப்பிள்ளை! அவர்களுக்குப் பதில் ஷோஜி ஜோவும் லோபெசும். உள்ளே போன ஜோ 76-ஆவது நிமிடத்தில் கோல் போட்டார், 2-2.

கூடுதல் நேரம். அந்தக் காலத்தில் கோல்டன் கோல் விதி, முதலில் கோல் போடுகிறவர் அப்போதே வெற்றி. ஒரு சின்னத் தப்பு செய்தால் எல்லாம் முடிந்தது. பயந்தவர் என்ன செய்வார்? பின்னால் ஆளைக் கூட்டுவார். ஒகாடா நடுக்கள ஆட்டக்காரர் கிதாசாவாவை எடுத்துவிட்டு, அதுவரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த மசாயுகி ஒகானோ என்கிற வேகக்காரரை முன்களத்தில் இறக்கினார். ஒகானோ கண்ணுக்கு முன்னால் இருந்த வாய்ப்புகளை எல்லாம் கோட்டை விட்டார். பார்க்கிறவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 118-ஆவது நிமிடத்தில் நகாதா அடித்த பந்தை ஈரான் கோலி தடுக்க, அது தெறித்து வந்தது. ஒகானோ சறுக்கிக்கொண்டே போய் உள்ளே தள்ளினார். 3-2. ஜப்பான் முதல் முறையாக உலகக்கோப்பையில்.

அதிர்ஷ்டமா? பந்து தெறித்து ஒகானோ காலுக்கு வந்தது வேண்டுமானால் அதிர்ஷ்டம். ஒகானோவை அந்த இடத்தில் நிறுத்தியது அதிர்ஷ்டம் இல்லை.

இனி அந்தப் பெரிய பாவத்துக்கு வருவோம். 1998 ஜூன் 2, சுவிட்சர்லாந்தில் நியோன். 25 பேரோடு முகாம், பதிவு செய்ய முடிந்தது 22 பேரை மட்டும். மூன்று பேர் போக வேண்டும். ஒகாடா பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து மூன்று பெயரைச் சொன்னார்: இச்சிகாவா, கிதாசாவா, மியுரா கசு. ஜப்பானே ஸ்தம்பித்துப் போனது. மிகையாகச் சொல்லவில்லை. பதினைந்து வயதில் தனியாக பிரேசிலுக்குப் போய்க் கால்பந்து கற்றவர், ஜே லீக்கின் முதல் வருடமே சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர், தேசிய அணிக்கு 55 கோல் போட்டவர். உலகக்கோப்பை என்ற சொல்லையே ஜப்பானியர்களின் வாயில் போட்டவர் என்றுகூடச் சொல்லலாம். அவரைப் போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஊருக்கு அனுப்பினால் யாருக்குத்தான் வலிக்காது?

வலிக்கும், சரி. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? தகுதிச்சுற்றின் கடைசிக் கட்டத்தில் முதல் ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராகக் கசு நாலு கோல் போட்டார். அதற்குப் பிறகு அந்தக் கட்டம் முடியும் வரை ஒன்றுகூட இல்லை. வயசு 31, உடம்பில் காயம், வேகம் போய்விட்டது. பேருக்காக ஒருவரை வைத்துக்கொண்டால் அவர் இடத்தில் ஆட வேண்டிய இன்னொருவர் வீட்டில் உட்காருவார். அந்த 22 பேரில் ஷின்ஜி ஓனோ என்று 18 வயசுப் பையன் ஒருவன் இருந்தான், அவன் பிற்காலத்தில் ஐரோப்பாவில் ஃபெயனூர்டுக்கு ஆடி யுஎஃபா கோப்பை வென்றான். கசுவுக்கு மரியாதையாக ஓனோவை விட்டிருக்க வேண்டுமா? நன்றிக்கடனைச் சொத்துக் கணக்கில் எழுதினால் தணிக்கைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் :-)

இதில் ஒகாடா பக்கம் ஒரு தப்பு உண்டு, முடிவில் இல்லை, முறையில். அத்தனை பேரையும் ஐரோப்பா வரை கூட்டிக்கொண்டு போய், கேமராக்கள் முன்னால் பெயரைச் சொல்லி, அங்கிருந்து திருப்பி அனுப்பியது கொடுமை. ஜப்பானிலேயே 22 பேரை முடிவு செய்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அந்த மரியாதைக்குக் கசு தகுதியானவர். அவர் ஐம்பது வயசைத் தாண்டியும் ஆடிக்கொண்டே இருந்தார், உலகக்கோப்பையில் மட்டும் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அது சோகம்தான். ஆனால் சோகத்துக்கும் குற்றத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது.

பிரான்சில் மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. அர்ஜென்டினாவிடம் 0-1, குரோவேஷியாவிடம் 0-1, ஜமைக்காவிடம் 1-2. உடனே "பார்த்தீர்களா, கசு இருந்திருந்தால்..." என்று ஆரம்பித்தார்கள். பாடிஸ்டூடா இருந்த அர்ஜென்டினாவும், அந்த உலகக்கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோவேஷியாவும், முதன்முறையாக வந்த ஒரு அணியிடம் ஒற்றைக் கோலில்தான் ஜெயித்தன. இதை யாரும் எழுதவில்லை. ஜமைக்காவிடம் தோற்றதற்குச் சாக்கு கிடையாது, அது மோசமான தோல்வி. ஆனால் நரிதா விமான நிலையத்தில் வந்து இறங்கிய ஷோஜி ஜோ மீது ஒருவர் தண்ணீரை ஊற்றினாரே, அது எந்த ஊர் நியாயம்? ஏழு மாசத்துக்கு முன் ஜொகூர் பாருவில் சமன் கோல் போட்டு உங்களை உலகக்கோப்பைக்கே கூட்டிப் போன ஆள் ஐயா அவர்! ஒகாடா பதவியை விட்டு விலகினார். அடுத்து பிரான்சிலிருந்து த்ரூசியே வந்தார், நாலு வருஷ அவகாசத்தோடு.

இந்த "நாலு வருஷ அவகாசம்" என்பதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

கிளப் வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1999-இல் இரண்டாம் பிரிவில் கிடந்த கொன்சடோலே சப்போரோவுக்குப் போனார். பெரிய பெயர் எடுத்தவர் பனி கொட்டும் ஹொக்கைடோவில் இரண்டாம் பிரிவு அணிக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டார்கள். முதல் வருஷம் மேலே போக முடியவில்லை. 2000-இல் சாம்பியன், முதல் பிரிவுக்கு ஏற்றம். 2001-இல் அங்கேயே தாக்குப்பிடித்தது. பிறகு யோகோஹாமா எஃப் மரினோஸ். 2003-இல் லீக்கின் இரண்டு கட்டங்களையும் ஜெயித்ததால் இறுதிப்போட்டி தேவைப்படாமலே கோப்பை, 2004-இல் உராவாவைப் பெனால்டியில் வீழ்த்தி மறுபடியும் கோப்பை. அடுத்தடுத்து இரண்டு பட்டம். அதன்பின் அணி சரிந்தது, 2006 சீசனின் நடுவில் அவரே விலகிக்கொண்டார். அவகாசம் கொடுத்தால் அணி கட்டத் தெரிந்தவர் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? ஆனால் "அதிர்ஷ்டக்காரர்" என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

இரண்டாவது தீ 2007 நவம்பரில். ஜிகோவுக்குப் பிறகு பொஸ்னியாவைச் சேர்ந்த இவிச்சா ஒசிம் தேசிய அணியை அழகாக வளர்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் திடீரென்று பக்கவாதம். உலகக்கோப்பைத் தகுதிச்சுற்று கண் முன்னே. கூப்பிடு ஒகாடாவை! அந்த நாட்டுக் கால்பந்து சங்கத்தின் மேஜையில் "அவசரத்துக்கு உடைக்கவும்" என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும் போல, உள்ளே ஒகாடா உட்கார்ந்திருப்பார்.

வந்தார். 2009 ஜூன் 6, மறுபடியும் தாஷ்கண்ட், 1-0 வெற்றி, உலகக்கோப்பைக்கு இடம் உறுதி. இதற்கிடையில் ஒகாடா ஒரு காரியம் செய்தார், அதுதான் அவர் கழுத்துக்குக் கயிறானது. தென்னாப்பிரிக்காவில் இலக்கு அரையிறுதி என்று அறிவித்தார். வெளிநாட்டு மண்ணில் உலகக்கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணி, அரையிறுதியாம்! நாடே சிரித்தது. சிரிப்பு வரத்தான் செய்யும். இலக்கு வைப்பது வேறு, மைக் முன்னால் சொல்லி மாட்டிக்கொள்வது வேறு. 2010 தொடக்கத்திலிருந்து அடி மேல் அடி. ஏப்ரலில் சொந்த மண்ணில் செர்பியாவிடம் தோல்வி. மே 24 சைதாமாவில் கொரியாவிடம் 0-2. அந்த ஆட்டம் முடிந்ததும் சங்கத் தலைவரிடம் தான் தொடரலாமா என்று கேட்டுவிட்டு, மறுநாள் அது ஜோக் என்றார். உலகக்கோப்பைக்கு மூன்று வாரம் இருக்கும்போது இப்படி ஒரு ஜோக்கா! இதற்கு வக்காலத்து வாங்க முடியாது. இங்கிலாந்திடம் 1-2, இரண்டும் ஜப்பானே போட்டுக்கொண்ட சொந்தக் கோல். ஜூன் 4 ஐவரி கோஸ்ட்டிடம் 0-2. தொடர்ந்து நாலு தோல்வி.

இந்த இடத்தில் ஒரு சராசரி மனிதர் என்ன செய்வார்? இரண்டரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த திட்டத்தையே பிடித்துக்கொண்டு தோற்பார். "கொள்கைக்காகத் தோற்றேன்" என்று பிறகு புத்தகம் எழுதலாம், பாராட்டும் கிடைக்கும். ஒகாடா அந்த வழியில் போகவில்லை. அணியின் நட்சத்திரம் ஷுன்சுகே நகாமுராவை பெஞ்சில் உட்கார வைத்தார். கோலி நராசாகியை மாற்றி கவாஷிமாவைக் கொண்டுவந்தார். கேப்டன் பட்டையை நகாசாவா கையிலிருந்து எடுத்து ஹசேபேவிடம் கொடுத்தார். தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் யூகி அபேயை நங்கூரம் மாதிரி நிறுத்தினார். நடுக்களத்தில் ஆடுகிற கெய்சுகே ஹோண்டாவைத் தனியாக முன்னால் தள்ளினார். எல்லாம் போட்டி தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது! சொந்தத் திட்டம் தப்பு என்று உலகம் பார்க்க ஒத்துக்கொள்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்? இதையா கோழைத்தனம் என்கிறார்கள்?

ஜூன் 14, புளூம்ஃபோன்டெய்ன். மட்சுய் தூக்கிப்போட, ஹோண்டா கோல். கேமரூனை 1-0. வெளிநாட்டில் நடந்த உலகக்கோப்பையில் ஜப்பானின் முதல் வெற்றி. நெதர்லாந்திடம் ஒற்றைக் கோலில் தோல்வி, அந்த நெதர்லாந்து இறுதிப்போட்டி வரை போனது. அடுத்து ரஸ்டன்பர்க்கில் டென்மார்க். டிரா செய்தாலே போதும். தற்காப்பு வெறியர் என்றால் பத்துப் பேரைப் பின்னால் நிறுத்தியிருக்க வேண்டும் இல்லையா? ஒகாடா அன்று வழக்கத்தைவிடத் தாக்குதலான அமைப்பில் தொடங்கினார். டென்மார்க் ஆரம்பத்திலேயே புகுந்து விளையாட, சில நிமிடங்களிலேயே பழைய அமைப்புக்கு மாற்றினார். பிறகு ஹோண்டாவும் எண்டோவும் அடித்த அந்த இரண்டு ஃப்ரீ கிக்குகள்... பார்க்காதவர்கள் தேடிப் பார்க்கலாம். 3-1.

கடைசி 16-இல் பராகுவே. 120 நிமிடம் கோல் இல்லை, ஆட்டமும் பெரிய ரசனைக்குரியது இல்லை, தூங்கியவர்கள் உண்டு. பெனால்டியில் மூன்றாவதாக வந்த கொமானோ அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 3-5. முடிந்தது.

நாலு ஆட்டத்தில் வாங்கியது இரண்டே கோல். ஊரில் இணையம் முழுக்க "மன்னிச்சுக்கோ ஒகாச்சான்" என்று ஒரே மன்னிப்பு மழை. ஒகாச்சான் என்பது அவருடைய செல்லப் பெயர். அந்த மன்னிப்பு வாசகம் அந்த வருஷத்து ஜப்பானின் பிரபல சொற்றொடர்களில் ஒன்றாகவே ஆனது. நல்ல மனசுதான். ஆனால் ஒரு சந்தேகம்: கொமானோ பந்து மேல்கம்பத்தில் பட்ட மாதிரி முதல் ஆட்டத்தில் ஹோண்டாவின் பந்தும் பட்டிருந்தால்? அப்போதும் மன்னிப்பு கேட்டிருப்பார்களா, இல்லை மறுபடி வாசலில் போலீஸ் வண்டி நின்றிருக்குமா? இவர்கள் கேட்டது மன்னிப்பு இல்லை. ஸ்கோர் போர்டைப் பார்த்து மாற்றிப் போட்ட கட்சி!

ஒகாடா மறுபடி விலகினார். சங்கம் மறுபடி வெளிநாட்டுக்குப் போனது. இத்தாலியின் சக்கெரோனி, நாலு வருஷ அவகாசம். மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதைத்தான். தீப்பிடித்தால் உள்ளூர்க்காரர், வீடு கட்டுவதற்கு வெளியூர்க்காரர். 2018-இலும் இதே கதை. போட்டிக்கு இரண்டே மாசம் இருக்கையில் ஹலில்ஹோட்ஜிச்சை அனுப்பிவிட்டு அகிரா நிஷினோவைக் கூப்பிட்டார்கள். இவர் 1996 ஒலிம்பிக்கில் பிரேசிலை 1-0 என்று வீழ்த்திய அணியின் பயிற்சியாளர். அத்தனை வருஷம் அவர் ஞாபகம் வரவில்லை, தீப்பிடித்ததும் வந்தது.

இப்போது பேரேட்டைத் திறப்போம். 2022 வரை, ஜப்பான் தன் நாட்டுக்கு வெளியே ஆடிய உலகக்கோப்பைகள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் இருந்தவை 2006, 2014. ஜிகோ, சக்கெரோனி. மொத்தம் ஆறு ஆட்டம், இரண்டு டிரா, நாலு தோல்வி, வெற்றி பூஜ்யம். உள்ளூர்ப் பயிற்சியாளர் இருந்தவை 1998, 2010, 2018, 2022. பதினைந்து ஆட்டம், ஐந்து வெற்றி: கேமரூன், டென்மார்க், கொலம்பியா, ஜெர்மனி, ஸ்பெயின். நாலில் மூன்று தடவை கடைசி 16.

ஆறு ஆட்டத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது, புள்ளியியல் பேப்பரில் இப்படி எழுதினால் மார்க் போட மாட்டார்கள் என்பது சரிதான். 2018 அணியைத் தகுதி பெற வைத்தது ஹலில்ஹோட்ஜிச் என்பதும் சரி. த்ரூசியே 2002-இல் சொந்த மண்ணில் கடைசி 16 வரை கூட்டிப்போனார், சக்கெரோனி 2011-இல் ஆசியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார், ஒசிமை ஜப்பானியர்கள் இன்றும் ஆசானாக மதிக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வேண்டாம் என்பது இங்கே வாதமே இல்லை. அவர்களுக்குக் கொடுத்த பொறுமையில் பாதியை உள்ளூர்க்காரருக்குக் கொடுத்தீர்களா என்பதுதான் கேள்வி. 2022-க்குப் பிறகு ஹஜிமே மொரியாசுவைத் தொடரச் சொன்னார்கள். உலகக்கோப்பை முடிந்தும் பதவியில் நீடித்த முதல் ஜப்பான் பயிற்சியாளர் அவர்தான். அவரையும் 2021-இல் ஓமானிடமும் சவூதியிடமும் தோற்றபோது விரட்டத்தான் சொன்னார்கள். இந்தத் தடவை சங்கம் காது கொடுக்கவில்லை, ஜெர்மனியும் ஸ்பெயினும் விழுந்தன. ஒகாடா இரண்டு தடவை அடி வாங்கியதால்தான் மொரியாசுவுக்கு அந்தப் பொறுமை கிடைத்தது என்று சொன்னால் தப்பில்லை.

மிச்சம் இருப்பது "கொள்கை இல்லாதவர்" என்ற குற்றச்சாட்டு. நாலில் இதற்குத்தான் கொஞ்சம் கனம் உண்டு, காரணம் ஒகாடாவே இதை ஒருவகையில் ஒத்துக்கொண்டார். சீனாவில் ஹாங்ஜோ அணியில் 2012, 2013 இரண்டு சீசன் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், ஜப்பானியப் பையன்களுக்கு ஆட்டத்தின் அடிப்படை நெறிகளைச் சின்ன வயசிலேயே ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதில்லை, அதனால்தான் பெரியவர்களானதும் சொந்தமாக முடிவெடுக்கத் திணறுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். பதினாறு வயசுக்குள் நெறிகளைக் கற்றுக்கொடு, பிறகு சுதந்திரமாக விடு என்பது அவர் கணக்கு. அதற்கு ஒரு முறையை உருவாக்கி 2019-இல் புத்தகமாகவும் போட்டார். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை, அதில்தான் மற்ற விமர்சகர்களிடமிருந்து அவர் வேறுபடுகிறார்.

2014 நவம்பரில் எஃப்சி இமாபாரி என்ற கிளப்பின் 51 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டார். ஷிகோக்கு தீவில் ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஊர் இமாபாரி. துண்டு நெசவுக்கும் கப்பல் கட்டுவதற்கும் பெயர் போனது, கால்பந்துக்கு இல்லை. அணி ஆடியது பிராந்திய லீக்கில். இரண்டு உலகக்கோப்பைக்கு அணியைக் கூட்டிப்போன மனிதர், இனி யாராவது தீப்பிடித்துக் கூப்பிடும்வரை காத்திருப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார் போல. ஸ்பான்சர் தேடி அவரே கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். 51 சதவீதம் என்றால் நட்டமும் அவர் தலையில்தான், தோற்றால் பயிற்சியாளரைத் துரத்திவிட்டுத் தப்பிக்க முடியாது. மற்றவர்கள் பணத்தில் பொறுமை பேசுவது எளிது, சொந்தப் பணத்தில் பேசிக் காட்டினார்.

மின்னல் வேகத்தில் எதுவும் நடக்கவில்லை. 2017-இல் ஜேஎஃப்எல், 2020-இல் ஜே3, 2024 சீசன் முடிவில் ஜே2-க்கு ஏற்றம். பத்து வருஷம்! சுமார் 400 கோடி யென் திரட்டிக் கட்டிய புது மைதானம் 2023-இல் திறந்தது. 2024 ஏப்ரலில் பள்ளிக்கூடம் ஒன்றும் தொடங்கி அதற்குத் தலைவரானார். இவரைத்தான் தொலைநோக்கு இல்லாதவர் என்கிறார்கள்.

அந்த இமாபாரி அணியில் 2019-இல் ஒரு வயசான டிஃபெண்டர் வந்து சேர்ந்தார். அந்த வருஷமே அணி ஜே3-க்கு ஏறியது. நாலு சீசன் ஆடி, 2022-இல் அங்கேயே தன் ஆட்ட வாழ்க்கையை முடித்துக்கொண்டார். பெயர் யூயிச்சி கொமானோ. பிரிட்டோரியாவில் மேல்கம்பத்தில் அடித்தாரே, அவரேதான்.